பன்னிரண்டு கட்டில்

எங்கள் அண்ணன் ஓட்டுக்காகத்தான் பொன்னேரியில் பெண்பிள்ளைகளுக்கு விடுதி திறந்தார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் எங்களுக்கு நெருங்கிய உறவு. கல்யாணப் பந்தியில் அவர்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தால் நான் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விடுவேன். "இத்தனை வயசாயிடுச்சு, இன்னும் இன்னா கோவம் உனக்கு?" என்று அண்ணி கேட்பார். வயசாக ஆகக் கோபம் குறையும் என்று யாரோ கோபமே வராதவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணன் பழவேற்காடு ஏரிக்காரர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல் திட்டில் எங்கள் குப்பம். அப்பா ஏரியில் கழி நட்டுச் சுத்து வலை போட்டவர். அண்ணனும் மீசை கறுக்கும் வரை அந்த வலைதான் பிடித்தார். அதற்குப் பிறகு இறாலை ஐஸ் பெட்டியில் அடுக்கிப் பட்டணத்துக்கு அனுப்பும் வியாபாரத்தில் இறங்கினார். எங்கள் பக்கம் அப்போதெல்லாம் இறால் என்றால் வெயிலில் காயவைக்கத்தான் தெரியும். கப்பலில் வெளிநாட்டுக்குப் போகிறது என்று அண்ணன் சொன்னபோது ஊரே சிரித்தது. "வெள்ளக்காரன் நம்ம எறாவத் துன்னப் போறானா? சர்த்தான் போ" என்றார்கள். சிரித்தவர்கள் அத்தனை பேரும் அடுத்த வருஷம் கூடையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்து நின்றார்கள். பொன்னேரிக் கடைத்தெருவில் ஒரு கிடங்கு வாங்கினார். கும்மிடிப்பூண்டி ரோட்டோரம் முள்காடாகக் கிடந்த நிலம் ஒன்றையும் வாங்கிப் போட்டார். அதில் சொந்தமாக ஓர் ஐஸ் பேக்டரி வைப்பதுதான் அவர் கனவு.

என்னைப் படிக்கவைத்தவரும் அவர்தான். குப்பத்தில் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் தோணியில் ஏரியைத் தாண்டி, கரையில் பஸ்ஸுக்கு நின்று, பொன்னேரி போக வேண்டும். காற்று மாறினால் தோணி கிடையாது. அண்ணன் என்னைக் கன்னியாஸ்திரிகளின் போர்டிங் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எங்கள் குப்பத்தில் டீச்சர் டிரெய்னிங் முடித்த முதல் பெண் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏரியில் மீன் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். வீடுகளோ நிறைய. அடித்துக்கொண்டு சாகாமல் இருப்பதற்காக வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் முன்னால் கூடிச் சீட்டுக் குலுக்குவார்கள். இன்றைக்கு இந்த இடத்தில் இந்த வீடு வலை போடலாம், நாளைக்கு அடுத்த வீடு என்று முறை சுற்றிக்கொண்டே வரும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஊர்த் தலைவர் மகனாக இருந்தாலும் தன் பாடு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆண்கள் பெயரில்தான் பாடு உண்டு. வலையில் கை வைக்காத ஆணுக்கும் அது கிடையாது.

அண்ணன் வியாபாரத்துக்குப் போன வருஷமே ஊர் அவர் பெயரைச் சீட்டிலிருந்து எடுத்துவிட்டது. அறுபதுகளின் கடைசியில் அவர் தேர்தலில் நின்று ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார். கழுத்து நிறைய மாலையோடு குப்பத்துக்குத் தோணியில் வந்து இறங்கினார். அந்தச் சமயம் கோயில் முன்னால் சீட்டுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் விளையாட்டுப் போலத் தலைவரிடம், "மாமா, நம்ம ஊட்டுப் பேரையும் ஒரு சீட்டுல எழுதுங்களேன்" என்றார்.

தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார். "எம்மெல்லே ஆனா இன்னா தம்பி, கவர்னரே ஆனாலும் வலையில கை வெக்காதவனுக்குப் பாடு கெடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். திரும்பி வரும்போது தோணியில் மாலைகளைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். "நாயம்தான் பாப்பா. அவரு சொன்னது நாயம்தான்" என்றார். ஆனால் அவருக்கு வலித்தது. கூடப் பிறந்தவளுக்கு அதுகூடவா தெரியாது?

கோட்டைக்குப் போன வருஷங்களில் அவர் மாறிவிட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. காலை ரயிலில்தான் போவார். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் இறால் வாடை மட்டும் சட்டையை விட்டுப் போகாது. சபையில் பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருப்பாராம். "அவரு மூக்கத் தேய்ச்சா தேய்க்கட்டும். காதப் பொத்தலயே" என்பார் அண்ணன். குப்பங்களுக்குக் கரண்டு வந்தது அவர் காலத்தில்தான். படகுத்துறைக்கு ரோடு வந்ததும் அவர் காலத்தில்தான். ஏரிக்கரைப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கப் பொன்னேரியில் ஒரு விடுதி வேண்டும் என்று சபையில் திரும்பத் திரும்பக் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று திரும்பத் திரும்பப் பதில் வந்தது. அந்த வார்த்தையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அண்ணி புதுப் புடவை கேட்டால், "பரிசீலனைல இருக்குது" என்பார். "அப்ப உங்க நாஷ்டாவும் பரிசீலனைலதான் இருக்குது" என்று அண்ணி அடுப்படிக்குள் போய்விடுவார்.

அடுத்த தேர்தலில் தோற்றுப்போனார். எண்ணிக்கை முடிந்து வீட்டுக்கு வந்து, கை கழுவி, நெத்திலிக் கருவாட்டோடு பழைய சோறு சாப்பிட்டார். அண்ணி அழுதார். நான் ஊரையே திட்டினேன். எங்கள் குப்பத்திலேயே எத்தனை பேர் மாற்றிப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "கெடங்குல கட்டிலு போட்டா எத்தினி புடிக்கும் பாப்பா?" என்று என்னைக் கேட்டார்.

பன்னிரண்டு பிடித்தது. இறால் கிடங்கு விடுதியானது இப்படித்தான். சுண்ணாம்பு அடித்தோம், சாம்பிராணி போட்டோம், வேப்பிலைப் புகை போட்டோம். வாடை போவதாக இல்லை. ஏரிப் பிள்ளைகளுக்கு அது சொந்த வீட்டு வாசனைதானே என்று விட்டுவிட்டோம். ஆரணியிலிருந்து ஆசாரி வந்து கட்டில் செய்தார். நான் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையாக இருந்தேன். "வேலைய வுட்டுட்டு வா. பொண்ணுங்களப் பாத்துக்க வேற யாரு கீறாங்க எனக்கு?" என்று சொல்லியனுப்பினார். கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த எனக்கும் அது நல்ல சாக்கு. மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெண்ணை அனுப்ப யாராவது முன்வருவார்களா என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பயம். ஒரு திங்கட்கிழமை காலையில் பன்னிரண்டு பேர், தலையில் எண்ணெய் வழிய, துணிமூட்டையோடு வந்து நின்றார்கள். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். அவர்களை ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தோம். சனிக்கிழமை ஊருக்கு அனுப்பிவைத்தேன். அடுத்த திங்கட்கிழமையும் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒரு முகம்கூட நான் பார்த்த முகமாக இல்லை.

கூட வந்திருந்த தலைவரைக் கேட்டேன். "இன்னா மாமா இது? போன வாரம் வந்த பொண்ணுங்க எங்க?"

"அதுங்க பாடு முடிஞ்சிடுச்சும்மா. இந்த வாரம் இதுங்க பாடு."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் ரத்தம் தலைக்கேறியது. கோயில் முன்னால் கூடி, சீட்டுக் குலுக்கி, கட்டிலுக்கும் முறை வைத்துவிட்டார்கள். வாரத்துக்குப் பன்னிரண்டு பெண்கள். மூன்று வாரத்தில் சுற்று முடிந்து மறுபடியும் முதல் செட்டு வரும்.

"படிப்பு இன்னா சுத்து வலையா மாமா, ஆளுக்கு ஒரு நாளு போட்டுட்டு எடுக்க?"

"கட்டிலு பன்னெண்டு. ஊர்ல பொண்ணுங்க அதுக்கு மூணு பங்கு கீது. எல்லாத் தாய்க்காரிக்கும் பொண்ணு உன்னாட்டம் டீச்சராவணும்னு ஆசை. எந்த ஊட்டுப் பொண்ண வாணான்னு சொல்றது? நீயே சொல்லு."

பதில் இல்லை என்பதற்காக நான் வாயை மூடிக்கொள்கிற ஆள் இல்லை. அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கு, அவர் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் என்னை ஊருக்குள் விட்டிருக்க மாட்டார்கள்.

பிள்ளைகளோ அந்த முறையையும் ஒழுங்காக நடத்தினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை நானே படகுத்துறை வரை கூடப் போனேன். திங்கட்கிழமை வரவேண்டிய பெண்கள் பாடம் கேட்டுக்கொள்ள அன்றைக்கே அங்கே வந்து காத்திருந்தார்கள். இரண்டு கூட்டமும் ஜோடி ஜோடியாக மணலில் உட்கார்ந்து பாடத்தை ஒப்படைத்தது. பெருக்கல் முடிந்தது, வகுத்தல் ஆரம்பம், பூகோளத்தில் ஆறுகள் வரை வந்திருக்கிறது என்று ஒருத்தி சொல்லிக்கொடுக்க, மற்றவள் மணலில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அப்பன்மார்கள் வலை போடும் இடத்தை மாற்றிக்கொள்ளும்போது எந்தப் பக்கம் சேறு, எந்தப் பக்கம் நீரோட்டம் என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அதே மாதிரி. என்னைப் பற்றியும் ஒப்படைத்தார்கள். "ஆஸ்டல் டீச்சரு கோவக்காரி. ஆனா சோறு ரெண்டாந்தபா கேட்டா போடும்" என்றது ஒரு வாண்டு. நான் பின்னால் நிற்பது அதற்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் எத்தனை நாளைக்குப் பொறுக்கும்? தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டுவிட்டார். பெயர் கொடுத்த பிள்ளைகள் நிறைய, வகுப்பில் இருப்பதோ பன்னிரண்டு. அரைப் பரீட்சைக்குள் தினமும் ஒரே பிள்ளைகள் வர வேண்டும், இல்லையென்றால் அத்தனை பேரையும் நீக்கிவிடுவேன் என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. வாரம் ஒரு முகத்தை வைத்துக்கொண்டு யார்தான் பாடம் நடத்துவார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும். நல்லாப் படிக்கிற பன்னெண்டு பொண்ண நானே பொறுக்கித் தரேன். அவங்க மட்டும் வரட்டும்."

"மீதிப் பொண்ணுங்க?"

"அதுங்க தலையெழுத்து. நான் இன்னா பண்றது?"

அண்ணன் எப்போதும் என் கோபத்தைக் கேலி செய்து அடக்கிவிடுவார். அன்றைக்குக் கேலி செய்யவில்லை. "கோட்டையில உக்காந்துக்கினு அத்தினி வருஷம் நான் இதத்தான பண்ணேன் பாப்பா? கம்பெனில வேல கேட்டு பத்து பேரு வருவான். ஒருத்தனுக்கு சிபாரிசு குடுப்பேன், ஒம்போது பேரத் திருப்பி அனுப்புவேன். பொறுக்கிப் பொறுக்கித்தான் தோத்தேன். நம்ம ஊரு யாரையும் பொறுக்காது, எல்லாரையும் சுத்தி வுடும். அதக் கலைச்சவன்னு பேரு எனக்கு வாணாம்."

"அப்ப ஆஸ்டல இழுத்து மூடிடுங்க."

"அதுவும் வாணாம்."

"அப்பால இன்னாதான் பண்றதாம்?"

"பரிசீலனைல இருக்குது" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சொம்பைத் தரையில் வைத்த வேகத்துக்கு அது நசுங்கியே போயிற்று. அந்த நசுங்கல் சொம்பு இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பேக்டரிகள் வரப்போகின்றன என்று பேச்சு எழுந்தது. நேற்று வரை ஆடு மேய்ந்த இடத்தில் சங்கிலி பிடித்து அளந்தார்கள். அண்ணனின் முள்காட்டை வாங்கிக்கொள்ள வெளியூர்க் கம்பெனி ஒன்று ஆள்மேல் ஆள் அனுப்பியது. அதே வாரத்தில் கட்சிக்காரர்களும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

"அண்ணே, அடுத்த தபா சீட்டு உங்களுக்குத்தான்னு மேலிடத்துல பேச்சு. செலவுக்கு மட்டும் நீங்க தயாரா இருக்கணும். அதான் நெலம் கீதே உங்களுக்கு" என்றார் வந்தவர்களில் பெரியவர்.

அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். கோட்டை அவருக்குப் பிடிக்காத இடம் இல்லை. அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசியதை அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் ஜெயிக்கலாம். அது இல்லையென்றால் அந்த நிலத்தில் ஐஸ் பேக்டரி வைக்கலாம். அண்ணன் எழுந்து, "வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்று அவர்களை விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கட்டிலில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க இன்னும் ரெண்டு டஜன் கட்டிலு கொறையுது. நெலத்து டப்பு அதுக்குத்தான்."

வந்த பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணே, இதுங்களுக்கு ஓட்டே கெடையாதே."

"அதான் எனக்கும் நிம்மதி" என்றார் எங்கள் அண்ணன்.

அந்தப் பேச்சை என் காதால் கேட்டேன். ஜீப் போனதும் அண்ணியிடம் ஓடினேன். ஐஸ் பேக்டரி போய்விட்டதே என்று அவர் வருத்தப்படுவாரோ என்று எனக்குக் கவலை. அண்ணி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஐஸ் பேக்டரி, ஐஸ் பேக்டரின்னு அவரு கனாக் கண்டதுல எனக்குத்தான் ஜலதோஷம் புடிச்சிக்கிச்சு. வுடு, கட்டட்டும்."

கிடங்குக்குப் பின்னால் நீளமாக ஒரு கூடம் எழும்பியது. ஆரணி ஆசாரி மறுபடியும் வந்து, வாசலிலேயே பட்டறை போட்டார். அரைப் பரீட்சைக்கு முன்னால் வேலை முடிந்தது. தலைவர் பார்க்க வந்தார். வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒவ்வொரு கட்டிலாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டின் பெயர் சொன்னார். கடைசிக் கட்டிலைத் தொட்டபோது அவருக்குச் சொல்ல வீடு மிச்சமில்லை.

"அப்ப பாடு வாணாம்" என்றார்.

"ஏரி பூரா மீனு இருந்தா பாடு எதுக்கு மாமா?" என்றார் அண்ணன்.

அடுத்த திங்கட்கிழமை மூன்று செட்டும் ஒன்றாக வந்தது. படகுத்துறைக்காரர் இரண்டு தோணி விட வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு போதாமல் பாயில் உட்கார வைத்தார்கள். தலைமையாசிரியை என்னிடம் சொன்னார். "ஆச்சரியமா இருக்கு. மூணுல ஒரு வாரம்தான் வந்ததுங்க. பாடம் எதுவும் விட்டுப்போகலையே." படகுத்துறை மணலைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்த வருஷச் சீட்டுக்கு நாள் வந்தது. பிள்ளைகளுக்கு லீவு நாள். அண்ணனும் நானும் அவர்களோடு குப்பத்துக்குப் போயிருந்தோம். அண்ணன் எப்போதும் போலக் கூட்டத்துக்கு வெளியே, பூவரச மரத்தடியில் நின்றுகொண்டார். பெயரில்லாதவர் நிற்கிற இடம் அது. பானையைக் குலுக்கிச் சீட்டை எடுத்துத் தலைவர் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். கூப்பிட்டால் அந்த வீட்டு ஆண் எழுந்து, "இருக்கோம்" என்று சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் போனபின் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொண்ணுங்க ஊடு."

யாரும் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு வீடு எங்கள் ஊரில் இல்லை. ஆனால் எழுந்திருக்காத ஆண்கள் அத்தனை பேரும் திரும்பி மரத்தடியைப் பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. எங்களிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

"பொன்னேரியில கீதே, பொண்ணுங்க ஊடு" என்றார் தலைவர் மறுபடியும். "அதுக்கும் ஒரு பாடு. வுயுற மீனு பொண்ணுங்க கொயம்புக்கு. ஆனா வலையில கை வெக்கணும். வழக்கம்னா வழக்கம்தான். யாரு வெக்கிறது?"

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து, படகுத்துறையில் என்னைக் கோவக்காரி என்ற அந்த வாண்டு எழுந்து நின்று, "இருக்கோம்" என்றது. அண்ணன் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

"நான் வெக்கிறேன் மாமா" என்றார். ஓட்டு எண்ணி முடித்த நாளில் வராத கண்ணீர், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வந்தது. நான் சொன்னேனே, அந்த இரண்டு உறவுக்காரர்கள், அவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். நான் அண்ணனைப் பார்த்த நேரத்தைவிட அவர்களைப் பார்த்த நேரம் அதிகம்.

எங்கள் பாடு வந்த நாளில் அண்ணன் ஏரியில் இறங்கினார். மீசை கறுத்த காலத்தில் விட்ட வேலை. கழி ஒரு பக்கம் சாய்ந்தது, வலை ஒரு பக்கம் சிக்கியது, பக்கத்து வலைக்காரர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்களாம். விழுந்தது அரைக் கூடை மடவை மீன். அதை அவரே தலையில் வைத்துப் பொன்னேரிக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காணாது என்று குழம்பில் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுப் பெருக்கினேன்.

அண்ணனும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். கயிறு அறுத்து இரண்டு உள்ளங்கையும் கிழிந்திருந்தது. மிளகாய் பட்டு எரிந்திருக்கும். ஆனால் விரல் நுனியால் உருட்டி உருட்டி, தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு அந்த வாண்டைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"ரெண்டாந்தபா கேட்டா போடுவியாமே, டீச்சரு" என்றார்.

போட்டேன்.